சத்தமில்லாத குடி: வீட்டுக்குள் தினமும் குடிக்கும் கணவரை எண்ணிக் கவலைப்படுவோர் அறிந்திருக்க வேண்டியவை

ஒருவரைக் 'குடிகாரன்' என்று ஊர் சொல்வதற்குச் சில அடையாளங்கள் தேவை. அவர் வீதியில் விழுந்து கிடக்க வேண்டும், வேலியால் எட்டிப் பார்த்து அயலுடன் சண்டை பிடிக்க வேண்டும், அல்லது வேலைக்குப் போகாமல் தவறணை வாசலில் நிற்க வேண்டும். வேலை முடிந்து வந்து, குளித்து, விறாந்தையில் இருந்து ஒவ்வொரு நாளும் குடித்துவிட்டுப் படுப்பவரை ஊர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் அலுவலகத்தில் வேலை செய்பவராக இருக்கலாம். கடற்றொழிலாளியாகவோ மேசனாகவோ கடைக்காரராகவோ இருக்கலாம். "அந்தாள் ஆருக்கும் கரைச்சல் குடுக்கிறதில்லை, தன்ர பாட்டில குடிச்சிட்டுப் படுக்குது" என்று அயல் சொல்லும். மாமியாரும் அதையே சொல்வார். 'அடிக்கிறாரா? இல்லையே, பிறகென்ன?' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் போத்தலின் மட்டம் வாராவாரம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கும்போது அவர் கை நடுங்குவதையும், ஏழு மணிக்குப் பிறகு பிள்ளைகள் அப்பாவிடம் எதையும் கேட்பதில்லை என்பதையும் அவர் கவனித்திருப்பார். இந்தக் கட்டுரை அவருக்காக எழுதப்படுகிறது. குடிப்பவர் கணவராக இல்லாமல் மகனாகவோ தம்பியாகவோ தகப்பனாகவோ இருந்தாலும் இதில் உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். உங்கள் கவலைக்குக் காரணம் இருக்கிறது. அடி விழும் வரை அல்லது ஈரல் பழுதாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அதேவேளை, அன்பினாலும் பயத்தினாலும் குடும்பங்கள் வழமையாகச் செய்யும் சில காரியங்கள் உயிருக்கே ஆபத்தானவை. அவை எவை, அவற்றுக்குப் பதிலாக எதைச் செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

'கொஞ்சம்தான்' என்பது எவ்வளவு?

மதுவின் அளவைப் போத்தலின் பருமனை வைத்துக் கணக்கிட முடியாது. அதிலுள்ள தூய அல்ககோலின் எடையைக் கொண்டே கணக்கிட வேண்டும். இலங்கையில் விற்கப்படும் சாராயத்தில் சுமார் 33 வீதம் அல்ககோல் இருக்கிறது. 180 மில்லிலீற்றர் கொண்ட கால் போத்தலில் ஏறத்தாழ 47 கிராம் அல்ககோல் உண்டு. அரைப் போத்தலில் அது 100 கிராமை நெருங்கும். 8.8 வீத வலுவுள்ள 500 மில்லிலீற்றர் பியர் ரின் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் உண்டு. கள்ளின் வலு இறக்கிய நேரத்தைப் பொறுத்து மாறும். 5 வீதம் என்று எடுத்துக்கொண்டால் 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் வரும்.

ஒரே தடவையில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் கடும் குடி என்று வகைப்படுத்துகிறது. அதன்படி பார்த்தால் கால் போத்தல் சாராயத்துக்கு மேல் ஒரு பியரும் குடித்தால் அந்த எல்லை தாண்டப்பட்டுவிடும். இரண்டு வலுக்கூடிய பியர் ரின்களே போதும். 'சாராயம் விட்டிட்டார், இப்ப பியர் மட்டும்தான்', 'கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சிதானே' என்ற ஆறுதல்கள் இந்தக் கணக்கில் நிற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் விஸ்கியில் அல்ககோல் 40 வீதம். விலை கூடிய போத்தல் என்பதால் ஈரல் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. உடல்நலத்துக்கு முற்றிலும் பாதுகாப்பான குடி அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது.

பழக்கமா, நோயா?

தினமும் குடிக்கும் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. குடிக்கு அடிமையாதலை ஒரு நோயாக அடையாளம் காண மருத்துவர்கள் பயன்படுத்திவரும் ஆறு அறிகுறிகளை எளிமையாக இப்படிச் சொல்லலாம்:

1. குடிக்க வேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதல். நேரம் நெருங்கும்போது பொறுமை இழத்தல்.
2. தொடங்கினால் நிறுத்த முடியாமை. 'இரண்டு பெக்தான்' என்று இருந்து போத்தல் முடிதல்.
3. குடிக்காத வேளையில் கை நடுக்கம், வியர்வை, ஓங்காளம், நித்திரையின்மை, பதற்றம்.
4. முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதாமல் போதல்.
5. மற்ற ஈடுபாடுகள் குறைதல். கோவில், விளையாட்டு, பிள்ளைகளின் பாடசாலைக் கூட்டம் எல்லாம் பின்னுக்குப் போதல்.
6. உடலுக்கும் குடும்பத்துக்கும் கேடு என்று தெரிந்தும் தொடர்தல்.

கடந்த ஓராண்டில் இவற்றில் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்து இருந்தால் அது அடிமையாதல் என்று கருதப்படும். சத்தம் போடுவதோ அடிப்பதோ இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் யாரையும் கைநீட்டித் தொடாமலே, ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் விடாமலே, இந்த நோயின் நடுக்கட்டத்தில் இருக்கலாம். மூன்றுக்குக் குறைவாக இருந்தாலும் கவலை வீண் போகாது. நோய் முற்றாத நிலையில் பேச்சும் ஒரு வைத்தியரின் ஆலோசனையுமே பலருக்குப் போதுமானதாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஓடிற்' என்ற பத்துக் கேள்விப் படிவமும் இதற்கென்றே உள்ளது. அதில் 8 புள்ளி வந்தால் குடி கேடு தரும் மட்டத்தை அடைந்துவிட்டது என்றும், 20 புள்ளி வந்தால் அடிமையாகியிருக்கிறாரா என்று வைத்தியர் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றும் பொருள்.

போரும் போத்தலும்

போர் முடிந்த சில வாரங்களில், 2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் எடுக்கப்பட்ட ஆய்வொன்று 2011 இல் 'ஜாமா' மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. அதன்படி 32.6 வீதமானோரிடம் பதகளிப்பும், 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வும், 7 வீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயும் காணப்பட்டன. போரின் காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே குலைக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார்.

குடிக்கும் ஆண்கள் பலர் சொல்லும் காரணம் நித்திரை. 'குடிக்காட்டிக் கண் மூடேலாது' என்பார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஷெல் சத்தம், பங்கர், தடுப்பு முகாம், கண்முன் போன உயிர் என்று இரவில் வருபவை பல. மது நித்திரையைச் சீக்கிரம் வரவழைக்கும். ஆனால் சில மணி நேரத்தில் அதன் மயக்கம் குறையும்போது நித்திரை கலையும், கனவுகள் இன்னும் கடுமையாகும், விடியற்காலையில் பதற்றம் கூடும். அடுத்த இரவு சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். மருந்தாகத் தொடங்கியது இப்படித்தான் நோயாகிறது.

இதை அறிந்திருப்பதில் ஒரு பயன் உண்டு. குடியை நிறுத்துவதைப் பற்றிப் பேச மறுப்பவர், நித்திரையின்மைக்காக வைத்தியரைக் காணச் சம்மதிக்கலாம். மனவடுவுக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை இருக்கிறது. அவற்றைக் கவனிக்காமல் குடியை மட்டும் நிறுத்தினால் அது திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். அதேவேளை, அவர் பட்ட துன்பம் அவர் குடிப்பதை விளக்கும். அதற்காக நீங்கள் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆகாது. அதே பங்கரில் நீங்களும் இருந்தீர்கள். அதே முகாம் வரிசையில் நீங்களும் நின்றீர்கள்.

திடீர் நிறுத்தம்: பலர் அறியாத ஆபத்து

நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் குடிக்காதவர்கள் நம்மிடையே ஏராளம். ஐயப்பனுக்கு மாலை போட்டு விரதம் காப்பவர்களும் உண்டு. 'திருவிழாவுக்கு நிப்பாட்டினவர்தானே, நினைச்சால் விடுவார்' என்று வீட்டார் நம்புவதற்கு இது ஒரு காரணம். சிலருக்கு அது உண்மை. குடி அற்ற அந்த நாட்கள், இருவரும் தெளிந்த மனத்தோடு பேசுவதற்குக் கிடைக்கும் நல்ல காலமும் கூட. ஆனால் தேர் முடிந்து, தீர்த்தம் முடிந்து, அடுத்த வாரமே பழைய அளவு திரும்புகிறதென்றால் நோய் போகவில்லை என்றே பொருள்.

இதைவிட முக்கியமான விடயம் ஒன்று உண்டு. நீண்ட காலம் தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால் உடல் அதைத் தாங்காமல் போகலாம். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு மனக்குழப்பம் ஏற்படும். நேரம், இடம் தெரியாது. இல்லாத பூச்சிகளையும் ஆட்களையும் காண்பார்கள், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடும். 'பேய் பிடிச்சிட்டுது' என்று நூல் கட்டக் கொண்டுபோவதும், அறையில் பூட்டி வைப்பதும் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெருந்தவறுகள்.

காலையிலேயே குடிப்பவர், குடிக்காவிட்டால் கை நடுங்குபவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்தவர், வேறு கடும் நோய் உள்ளவர் ஆகியோர் வைத்தியசாலையின் துணையோடு மட்டுமே நிறுத்த வேண்டும். அங்கு சில நாட்களுக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளும், மூளையைப் பாதுகாக்கும் தயமின் என்ற வைற்றமின் பி1 உம் கொடுப்பார்கள். வைத்தியரைக் காணும் வரை இத்தகையவரை 'இண்டைக்கே விடு' என்று வற்புறுத்தாதீர்கள். வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

அதிகமாகக் குடித்துவிட்டு எழுப்பினாலும் எழும்பாமல் கிடப்பவரை மல்லாக்கப் படுக்க விடக்கூடாது. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மூச்சு மெதுவாக இருந்தாலோ விட்டு விட்டு வந்தாலோ அதுவும் 1990 க்கு அழைக்க வேண்டிய நேரம்தான்.

சோற்றில் கலக்கும் மருந்து

'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் போடுங்கள், குடியை மறந்துவிடுவார்' என்று தூளும் மாத்திரையும் விற்பவர்கள் இந்தியாவிலும் இங்கும் இருக்கிறார்கள். இதில் இரண்டு ஆபத்துகள். ஒன்று, அந்தத் தூளில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே பழுதான ஈரலை அது மேலும் பழுதாக்கலாம். மற்றது, குடியை வெறுக்கச் செய்வதற்காக மருத்துவத்தில் பயன்படும் டைசல்பிராம் என்ற மாத்திரை. அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும். இதய நோயாளிக்கு அது மரணமாகவும் முடியலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு வரக்கூடும். அதனால்தான் நோயாளிக்கு முழுமையாக விளக்கி, அவருடைய சம்மதத்துடன் மட்டுமே வைத்தியர்கள் இதைக் கொடுக்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் கொடுத்தால், தான் எதைச் சாப்பிட்டேன் என்று தெரியாமலே அவர் வழமைபோலக் குடிப்பார். நல்லது செய்ய நினைத்தவரின் கையாலேயே கேடு வந்துவிடும். பிறகு உங்கள் கையால் சாப்பிடவும் அவர் நம்பமாட்டார்.

எப்போது பேசுவது, எப்படிப் பேசுவது

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண் தன் கணவர் ரி. ரி. ரங்கநாதனைக் குடிநோய்க்கு 1979 இல் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டே கணவரின் பெயரில் குடிநோயாளர்களுக்கான சிகிச்சை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். இன்று அது ரி.ரி.கே. வைத்தியசாலை என்று அறியப்படுகிறது. அங்கே நோயாளியோடு குடும்பத்தினருக்கும் தனியாக வகுப்பும் ஆலோசனையும் உண்டு. குடி ஒருவரின் நோயாகத் தொடங்கினாலும் அந்த வீட்டில் உள்ள எல்லோரையும் மாற்றிவிடுகிறது, எனவே எல்லோருக்கும் சிகிச்சை வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

சிகிச்சைக்கே வர மறுப்பவரை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ரொபேர்ட் மையர்ஸ் என்ற உளவியலாளர் குடும்பத்தினரைப் பயிற்றுவிக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். 'கிராஃப்ற்' என்று அழைக்கப்படும் அந்த முறையை வேறு இரண்டு முறைகளுடன் ஒப்பிட்டு, குடிப்பவர்களின் குடும்பத்தினர் 130 பேரிடம் நடந்த ஆய்வு 1999 இல் வெளியானது. உறவினர் எல்லோரும் கூடி எதிர்பாராத நேரத்தில் குடிப்பவரை எதிர்கொள்ளும் முறையில் 30 வீதமானவர்களே சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பத்தவர் தம்மைத் தேற்றிக்கொள்வதையே முதன்மையாகக் கொண்ட முறையில் 13 வீதம். மையர்ஸின் முறையில் 64 வீதம். ஊரைக் கூட்டி நியாயம் கேட்பதைவிட, வீட்டவர் தம் நடைமுறையை நிதானமாக மாற்றுவது கூடுதலாகப் பலித்திருக்கிறது.

அந்த முறையின் சாரத்தை நம் வீடுகளுக்கு ஏற்றவாறு இப்படிச் சொல்லலாம்:

குடித்திருக்கும்போது பேசாதீர்கள். அந்நேரம் சொல்வது எதுவும் மறுநாள் அவர் நினைவில் இருக்காது. உங்கள் கோபம் மட்டும் நினைவில் நிற்கும். காலையில், தெளிவாக இருக்கும் வேளையில், பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துப் பேசுங்கள்.

பொதுவாகக் குற்றம் சாட்டாமல் நடந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். 'நீங்கள் எப்பவும் குடிதானே' என்றால் வாக்குவாதம் தொடங்கும். "இஞ்சருங்கோ, நேற்றுச் சின்னவள் கணக்குக் காட்ட வந்தவள். நீங்கள் படுத்திட்டீங்கள். அவள் கொப்பியை மூடிப்போட்டுப் போனதைப் பாக்க எனக்குக் கஷ்டமாப் போச்சு" என்பது வேறு. கேட்பவர் மறுக்க அதில் எதுவும் இல்லை.

கேட்பது சிறிதாக இருக்கட்டும். "இனிக் குடிக்கமாட்டன் எண்டு சாமி படத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ" என்பதைவிட, "நித்திரை இல்லாததுக்கு ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவம், நானும் வாறன்" என்பது நடக்கக்கூடியது. அவர் 'சரி' என்று சொல்லும் கணம் நெடுநேரம் நிற்காது. எனவே எந்தக் கிளினிக், எந்தக் கிழமை, யார் கூட வருவது என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

குடிக்காத மாலையை நல்ல மாலையாக்குங்கள். அவர் குடிக்காமல் இருக்கும் அன்று பழைய கணக்குகளைத் திறக்க வேண்டாம். விருப்பமான கறியோ, பிள்ளைகளோடு கடற்கரைக்கு ஒரு நடையோ போதும். குடித்த அன்று அந்த நேரத்தை அமைதியாக விலக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சுமக்கத் தேவையில்லாதவை

'வயிற்றுக்குத்து, இண்டைக்கு வரமாட்டார்' என்று வேலைத்தளத்துக்கு அவர் சார்பில் பொய் சொல்வது, வாந்தியைக் கழுவி ஒன்றும் நடக்காததுபோல் விடிய எழும்புவது, தவறணைக் கடனைத் தாலிக்கொடியை அடகு வைத்து அடைப்பது ஆகியவற்றை நம் பெண்கள் மானத்துக்காகச் செய்கிறார்கள். ஆனால் குடியின் விலை குடிப்பவருக்குத் தெரியாமலே போவதற்கு இவையும் காரணமாகின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் கைவிட முடியாது. ஒன்றிலிருந்து தொடங்கலாம். போத்தலை ஒளிப்பதும் ஊற்றுவதும் பயன் தருவதில்லை. அவர் வேறிடத்தில் ஒளிப்பார், அல்லது மலிவான கசிப்புக்குப் போவார்.

பணத்தைப் பொறுத்தவரை பேச்சோடு நிற்காமல் ஏற்பாடும் செய்ய வேண்டும். உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி ஆகியவற்றின் பிரதிகளை நம்பிக்கையான உறவிடம் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து உதவும் சகோதரர்களிடம், பணத்தைப் பிள்ளைகளின் செலவுக்கு நேரே அனுப்பும்படியும், வரும்போது போத்தல் கொண்டுவர வேண்டாம் என்றும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவருடைய செலவுக்காக உங்கள் பெயரில் நுண்கடன் எடுக்காதீர்கள். தேசவழமைச் சட்டத்தின்படி சீதனச் சொத்து மனைவியின் தனிச் சொத்து. கணவர் தனியாகக் கையொப்பமிட்டு அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. திருமணத்தின் பின் தேடிய தேட்டத்துக்கு விதிகள் வேறு. ஆகவே எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடும் முன் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு தடவை கேளுங்கள்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

வடக்கு கிழக்கைச் சேர்ந்த 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வொன்று, பிள்ளைகள் வீட்டில் அனுபவிக்கும் வன்முறை இரண்டு விடயங்களோடு தொடர்புபட்டிருப்பதைக் கண்டது. ஒன்று போர் அனுபவம், மற்றது தகப்பனின் குடி. போரை நம்மால் மாற்ற முடியாமல் போயிற்று. இரண்டாவதில் நம்மால் செய்யக்கூடியது இருக்கிறது.

தகப்பன் குடிப்பது தங்களால்தான் என்று சிறு பிள்ளைகள் நினைப்பதுண்டு. 'அப்பாவுக்கு ஒரு வருத்தம் இருக்கு, அது உன்னால வந்ததில்லை, அதை மாத்திறது உன்ர வேலையுமில்லை' என்று வயதுக்கேற்ற மொழியில் சொல்லிவிடுங்கள். குடித்திருக்கும் தகப்பனோடு மோட்டார் சைக்கிளில் ஏற்ற வேண்டாம். கடைக்கு அனுப்பி வாங்குவிக்க வேண்டாம். 2006 ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின்படி 21 வயதுக்கு உட்பட்டவருக்கு மது விற்பதே குற்றம். சோதனைக் காலத்தில் மாலைப் படிப்புக்கு அம்மம்மா வீட்டையோ அயல்வீட்டையோ ஏற்பாடு செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கை நீண்டால்

இதுவரை சொன்னவை வன்முறை இல்லாத வீடுகளுக்கானவை. அடி, மிரட்டல், விருப்பமில்லாத உடலுறவு, தொடர்ச்சியான அவமதிப்பு இருந்தால் பேச்சுமுறைகளை ஒதுக்கிவிட்டுப் பாதுகாப்பை முதலில் பாருங்கள். 'வெறியில அடிச்சவர்' என்பதைச் சட்டம் ஒரு காரணமாக ஏற்பதில்லை.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீங்கள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்கள் சார்பில் பொலிஸாரும் கேட்கலாம். உடல் வன்முறையுடன் கடுமையான உளத் துன்புறுத்தலும் இதில் அடங்கும். அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை வழங்கி 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதியிடுவார்கள். முழுமையான கட்டளை 12 மாதம் வரை செல்லுபடியாகும். அவர் வீட்டுக்குள் நுழைவதைத் தடைசெய்யவும், அவசரப் பண உதவி வழங்கும்படி பணிக்கவும் நீதிமன்றத்தால் முடியும். கட்டாய உளவளத்துணைக்கு அனுப்பவும் இச்சட்டம் இடம் தருகிறது. கணவரை மறியலுக்கு அனுப்ப விரும்பாத, ஆனால் அடியும் தொடரக் கூடாது என்று நினைக்கும் பெண்கள் அறிந்திருக்க வேண்டிய வழி இது. இது குடியியல் கட்டளை. அதை அவர் மீறினால்தான் தண்டனை வரும்.

'செத்துப் போயிடுவன்' என்று அவர் சொன்னால் அதை வெறிப் பேச்சாகத் தள்ளிவிடாதீர்கள். மதுவும் மனச்சோர்வும் சேர்ந்த இடத்தில் அந்த ஆபத்து உண்மையானது. தோட்டத்துக்கு வைத்திருக்கும் பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றி, அன்றே வைத்திய உதவியை நாடுங்கள். அந்த எண்ணம் உங்களுக்கு வந்தாலும் அதேபோலவே செய்யுங்கள்.

எங்கே போவது?

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். உளமருத்துவப் பிரிவு என்றதும் தயங்குபவர்கள் முதலில் தமக்குப் பழக்கமான குடும்ப வைத்தியரிடமோ அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ காட்டி அங்கிருந்து கடிதம் பெறலாம். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நிலையம் நீண்ட காலமாக உளவளத்துணை வழங்கிவருகிறது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரையும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் கேளுங்கள். பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பணியகம் உண்டு. அவர் வர மறுத்தாலும் நீங்கள் தனியாகப் போகலாம். உங்களுடைய நித்திரையின்மையும் நெஞ்சுப் படபடப்பும் அவருடைய குடியை நிறுத்திய பிறகு பார்க்க வேண்டியவை அல்ல, இப்போதே சிகிச்சைக்குரியவை.

முதல் முயற்சியிலேயே குடியை முற்றாக விட்டவர்கள் குறைவு. சில மாதம் நிறுத்தி, ஒரு கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ மீண்டும் தொடங்குவது இந்த நோயின் இயல்பு. அது நடந்தால் 'எல்லாம் போச்சு' என்று விடாமல் அடுத்த வாரமே கிளினிக்குக்குத் திரும்புங்கள். உங்கள் முயற்சியால் ஒருவரைக் குடிக்காமல் இருக்கச் செய்துவிட முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் அவர் சிகிச்சைக்கு வரும் வாய்ப்பைக் கூட்டவும், நீங்களும் பிள்ளைகளும் அதுவரை பாதுகாப்பாக இருக்கவும் உங்களால் முடியும்.

பின்வரும் இலக்கங்களைத் தொலைபேசியில் வேறு பெயரிலாவது பதிந்து வையுங்கள்:

- அம்புலன்ஸ் சேவை: 1990
- தேசிய உளநல உதவிச் சேவை: 1926
- தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை: 1927
- பெண்களுக்கான உதவிச் சேவை: 1938
- சிறுவர் பாதுகாப்பு: 1929
- பொலிஸ் அவசர அழைப்பு: 119